தாமரைக்காயின் பின்பக்கம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. எங்கள் கம்பெனிக்கு முதல்முறையாக ஜப்பானிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. பெண்கள் வீட்டில் அணியும், தலைத்தொப்பி வைத்த மேலாடை.

2. தொப்பிக் கயிற்றின் நுனியில் கோக்க வேண்டிய மரக் குமிழை அவர்கள் ஏற்றுக்கொள்ளவே இல்லை.

3. குமிழைச் சரிசெய்ய முயன்றவர், அது தொடர்பாக எதையோ தேடப்போய், நெட்சுகே என்ற ஜப்பானியச் சிறு சிற்பங்களைக் கண்டுபிடித்தார். எலி ஒன்றின் படத்தை அச்செடுத்து அலமாரிக் கதவில் ஒட்டினார்.

4. பயிற்சிக்கு ஒசாகா போக வேண்டியவர் அவர். அவருடைய பாஸ்போர்ட் வரவில்லை. நான் போனேன்.

5. அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் நெட்சுகேக்களைப் பார்த்தேன். எலி இல்லை.

6. நான் ஊரில் இல்லாதபோது அவருடைய பாஸ்போர்ட் வந்துவிட்டது.

காரணங்களை இதில் சேர்க்கவில்லை. துணிநூல் தொழில்நுட்பம் படித்துவிட்டு, திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தபோது நான் முதலில் பழகியது இந்த முறைதான். ஒரு குறை வந்தால், என்ன நடந்தது என்று முதலில் எழுத வேண்டும். பிறகு ஏன் நடந்தது. கடைசியில், இனி என்ன செய்யப்போகிறோம். மூன்றையும் கலந்து எழுதினால் அறிக்கை திரும்பி வந்துவிடும். இதை எழுதும்போதும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

பட்டியலில் வரும் 'அவர்' எங்கள் ட்ரிம்ஸ் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஆடையில் துணி தவிர என்னவெல்லாம் இருக்கிறதோ, பட்டன், ஜிப், எலாஸ்டிக், லேபிள், கயிறு, அத்தனையும் அவர் பொறுப்பு. தெற்கே கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து, பள்ளியில் படிக்கும்போதே குடும்பத்தோடு திருப்பூருக்கு வந்தவர். டிப்ளமோவை இங்கேதான் முடித்தார். பேச்சு மட்டும் ஊரைவிட்டு வர மறுத்துவிட்டது. நல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருக்களில் ஒன்றில் குடியிருந்தார்கள். காலையில் கம்பெனி வேன் முதலில் என்னை ஏற்றும், அடுத்து அவரை. வேனில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். ஆகவே எங்கள் பேச்சு பெரும்பாலும் ஸ்டோரின் கம்பிவலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றே நடந்தது.

"இந்த ஜிப் ஓட மாட்டேங்குதுங்க" என்பேன்.

"ஜிப்புக்குமா 'ங்க'? தையல் மிஷினுக்கும் போடுவீயளோ?"

"போட்டது உங்களுக்குங்க. ஜிப்புக்கு இல்ல."

"எனக்குன்னா இன்னும் ஒண்ணு சேத்துப் போடுங்க, மேடம்."

ஜப்பான் ஆர்டரின் குமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். கயிறு தொப்பிக்குள் நழுவி மறைந்துவிடாமல் அதன் நுனியில் நிற்பது. டாகிள் என்போம். ஆர்டர் கொடுத்த பையர் அலுவலகத்தின் குறிப்பு இப்படி இருந்தது: கைக்கு வழுவழுப்பாகத் தெரிகிறது, ஆனால் துணியில் நூலை இழுக்கிறது. சோதித்துப் பார்க்க அவர்களே ஒரு பார்சலும் அனுப்பியிருந்தார்கள். பிரித்தால், பெண்கள் தொடைவரை அணியும் மெல்லிய நைலான் காலுறைகள். அதற்குள் கையை விட்டு, குமிழை மேலே தேய்க்க வேண்டும். ஓர் இழை பிசிறினாலும் குமிழ் தேறவில்லை என்று பொருள்.

அதன்பிறகு எப்போது போனாலும் அவர் முழங்கை வரை பெண்கள் காலுறையை மாட்டிக்கொண்டு டாகிள் தேய்த்துக்கொண்டிருந்தார். செக்கிங் பெண்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? லேபிள் வாங்க வந்தார்கள், ஊசி வாங்க வந்தார்கள், ஒன்றும் வாங்காமலும் வந்தார்கள்.

"ஏனுங்க சார், இது யாருக்கு எடுத்த சீருங்க?"

"எனக்குத்தான்க்கா. ஃபேன் காத்து குளிருதுல்லா."

"ஒத்தையாத்தான் போட்டிருக்கறீங்க. சோடி எங்கீங்க?"

அவர் தலை நிமிராமல், "அதத்தான்க்கா தேடிக்கிட்டுக் கெடக்கேன்" என்றார்.

சிரிப்பு தையல் லைன் வரை போனது. நான் கையிலிருந்த அளவுத் தாளை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தேன். பிறகு கீழிருந்து மேலாக.

பட்டில் உரசும் மரச் சாமான்களை ஜப்பானியர்கள் எப்படி மழுக்கினார்கள் என்று தேடித்தான் அவர் அலுவலகக் கணினி முன் உட்கார்ந்தார். எலி படத்தோடு எழுந்துவந்தார். தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு உருண்டையாகச் சுருண்டு கிடக்கும் எலி. கலர் பிரின்டருக்கு, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடம் என்ன சொல்லி அனுமதி வாங்கினார் என்று தெரியவில்லை.

"இங்க பாருங்க மேடம். இது நம்ம வேலைல்லா!"

ஜப்பானியர்களின் கிமோனோ அங்கிக்குப் பை கிடையாது. அதனால் அந்தக் காலத்து ஆண்கள் பணப்பையையும் மருந்துப் பெட்டியையும் கயிற்றில் கட்டி, கயிற்றை இடுப்புப் பட்டையின் உள்பக்கமாக மேலே இழுத்துத் தொங்கவிட்டார்கள். கயிறு நழுவாதிருக்க மேல்நுனியில் ஒரு குமிழ். அதைத்தான் தந்தத்திலும் மரத்திலும் எலியாக, நத்தையாக, தூங்குகிற மனிதனாகச் செதுக்கினார்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பட்டின்மேல் கிடப்பதால் எங்கேயும் கூர் இருக்கக் கூடாது. காது, வால், கால் எல்லாம் உடம்போடு ஒட்டியே இருக்க வேண்டும். பல வருடம் கை பட்டுப் பட்டு மழுங்கியதற்குத்தான் மதிப்பும் அதிகமாம்.

"சிற்பம்னு எழுதியிருக்கான். எனக்கு என்னமோ ட்ரிம்னுதான் தோணுது" என்றார். "ஆனா ஒரு படத்துலயும் பின்பக்கம் இல்ல பாத்தீயளா? கயிறு போற ஓட்டை பின்னாலல்லா இருக்கும். முன்பக்கத்த எவன் வேணா காட்டுவான்."

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அப்படித்தான். கல்யாண வீட்டில் புதுச் சட்டையைக் காட்டினால் கூட முதலில் கீழ்விளிம்பைத் திருப்பி உள்தையலைப் பார்ப்போம்.

அந்த எலியை அவர் ஆசையோடு பார்ப்பார். பட்டன் பெட்டியை எடுக்கக் கதவைத் திறக்கும்போதும் மூடும்போதும் அதன் முதுகில் ஒரு விரல் படும். அதைப் பார்ப்பதற்கென்றே எனக்கு ஸ்டோரில் வேலைகள் உண்டாயின. எலியைப் பார்க்கவா, விரலைப் பார்க்கவா என்று நான் பிரித்துக்கொள்ளவில்லை. எங்கள் இருவர் வீட்டிலும் கோயில் என்றுதான் சொல்வோம். அவருடையது ஞாயிற்றுக்கிழமை, மணி அடிக்கும். என்னுடையது வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் அம்மா ஜாதகம் பார்க்கத் தொடங்கியிருந்தார். மடத்துக்குளத்துப் பக்கம் தோப்பும் வயலும் உள்ள ஒரு குடும்பம் பேச்சில் அடிபட்டது. இதையெல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக மனதில் எழுதிப் பார்த்தால், கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். அதனால் எழுதிப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

டாகிளைத் தவிட்டோடு டிரம்மில் போட்டு நாள் முழுக்க உருட்டி, அவர் ஒருவழியாக மழுக்கிவிட்டார். காலுறையில் ஓர் இழைகூட எழவில்லை. அந்தச் சமயத்தில்தான் பையர், ஆய்வு முறைகளைக் கற்றுக்கொள்ள ஒசாகாவுக்கு ஆள் அனுப்பச் சொன்னார். தொழிற்சாலை மேனேஜரோடு, ட்ரிம்ஸ் ஸ்டோரிலிருந்து அவர் போவதாக முடிவானது. பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டார். அவர்களுடைய ரேஷன் கார்டு இன்னும் பழைய ஊர் முகவரியில் இருந்தது. விசாரிக்க வந்த போலீஸ்காரர் அந்த ஊரில் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று எழுதிவிட்டார். திரும்ப மனு, திரும்ப விசாரணை. திருப்பூரில் இப்படிப் பாதிக் குடும்பங்கள், வாழ்வது ஓர் ஊரிலும் காகிதத்தில் இருப்பது இன்னோர் ஊரிலுமாக இருக்கின்றன.

சிங்கப்பூரில் இருக்கும் அக்காவின் பிரசவத்துக்கு அம்மாவோடு போவதற்காக எனக்கு எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட், பீரோவில் கிடந்தது.

மேனேஜர் அப்பாவைவிட மூத்தவர். வீட்டுக்கே வந்து, "என்ற புள்ளையாட்டக் கூட்டிட்டுப் போயிக் கூட்டிட்டு வந்தர்றனுங்க" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் சரி என்றேன்.

மறுநாள் ஸ்டோரில் அவரிடம் சொன்னபோது, கம்பிவலையில் விரல்களைக் கோத்தபடி நின்றார். முகம் வாடியது தெரிந்தது, மறைக்கவும் பார்த்தார்.

"நல்லதாப் போச்சு. எலியக் கேட்டேன்னு சொல்லுங்க."

"இது நீங்க போற பயணமுங்க."

"யாரு போனா என்ன? கண்ணு ரெண்டு, டேப்பு ஒண்ணு. போதும். ஆனா மேடம், பின்பக்கம் பாக்காம வந்தீயன்னா இந்த ஸ்டோர்ல ஒரு குண்டூசி கூடக் கெடைக்காது."

ஒசாகாவில் பகல் முழுவதும் வெள்ளைக் குழல்விளக்குகளின் கீழ் நின்றோம். பையரின் ஆய்வாளர் ஒரு நடுத்தர வயதுப் பெண். நாங்கள் அவரை எங்களுக்குள் 'அந்த அம்மா' என்றோம். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பெரும்பகுதி ஆடைக் குறைகளின் பெயர்கள்தான், மீதியைச் சைகையால் நிரப்பினார். எனக்கும் அது போதுமானதாக இருந்தது. எங்கள் டாகிளை வாங்கி, காலுறைமேல் தேய்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னொரு முறை தேய்த்தார். பிறகு தன் கன்னத்தில் வைத்து உருட்டிப் பார்த்து, தலையசைத்தார். டாகிள் தேறியது என்று மட்டும் ஊருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அந்தக் கன்னத்தைப் பற்றி எழுத வேண்டும் போலிருந்தது. அலுவலக முகவரி, நான்கு பேர் படிப்பார்கள்.

கிளம்புவதற்கு முந்தைய மதியம் எங்களுக்கு வேலையில்லை. கோட்டை பார்க்கிறீர்களா, கடைவீதி போகிறீர்களா என்று அந்த அம்மா கேட்டார். நான், நெட்சுகே என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னை மறுபடி பார்த்தார்.

அருங்காட்சியகம் பெரிய கட்டடம். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. குடைகளை வாசலில் பூட்டி வைத்துவிட்டு மாடி ஏறினோம். நெட்சுகே அறையில் வெளிச்சம் குறைவு. சுவரோரம் நீளமான கண்ணாடிப் பேழைகள். ஒவ்வொரு சிற்பத்தின்மேலும் ஒரு சிறு விளக்கு, நகத்தளவு வெளிச்சம்.

மேனேஜர் முதல் பேழைக்குள் குனிந்து பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். பிறகு உத்தரத்தைப் பார்த்தார்.

"இத்துனூண்டு சாமானுக்கு இத்தாம் பெரிய ஊடா, அம்மிணி?"

"பழசுங்க. பத்திரமா வெக்கோணுமில்லீங்க."

"நம்மூர்ச் சந்தைல பொம்பளைங்க சுருக்குப்பைய இடுப்புல சொருகிக்குவாங்க. ஒரு கயிறு, ஒரு முடிச்சு, முடிஞ்சுது. இவன் அதுக்கொரு நத்தையப் புடிச்சுக் கட்டியிருக்கறான்" என்றவர், நடுவில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைத் தளர்த்தினார். "நீ பொறுமையாப் பாரு கண்ணு. எனக்குக் காலு ஆவுல." கொஞ்ச நேரத்தில் தலை தொங்கிவிட்டது.

நான் எலியைத் தேடினேன். நத்தை இருந்தது, கிணற்று வாளியின்மேல் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கொட்டையைத் துளைத்துத் தலை நீட்டும் புழு இருந்தது. கொட்டாவி விடும் கிழவர், பழத்தைக் கட்டிப் பிடித்த குரங்கு, தன் குட்டியின் முதுகை நக்கும் நாய். ஒவ்வொன்றும் எலுமிச்சையைவிடச் சிறியது. நாயின் நாக்கு குட்டியின் முதுகில் பதிந்த இடத்தில் ரோமம் நனைந்து படிந்திருப்பதுபோல் கீறியிருந்தார்கள். எலி மட்டும் இல்லை. அந்த அம்மாவிடம் கேட்டேன். காவலரிடம் விசாரித்துவிட்டு வந்து, எலி உள்ளே இருக்கிறது, இந்தப் பருவத்தில் வெளியே வைப்பதில்லை என்றார். சிற்பங்களையும் மாற்றி மாற்றி ஓய்வுக்கு அனுப்புவார்களாம்.

எலி இல்லை என்றதும் எனக்கு உண்மையில் கண் கலங்கியது. எனக்கே அது வியப்பாக இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே, அறையின் மூலையில், தாமரைக்காய் இருந்தது.

நம் குளங்களில் பார்க்கும் அதே தாமரைக்காய். பூவிதழ் உதிர்ந்த பிறகு நிற்கும் கூம்பு, மேலே தட்டையான முகம், முகம் முழுக்கக் குழிகள், குழிக்கு ஒரு விதை. மஞ்சள் படிந்த தந்தம். விளிம்பு லேசாக வாடி மடங்கியிருந்தது. விதைகள் ஒட்ட வைத்தவை அல்ல. குழியின் வாய் விதையைவிடக் குறுகலாக இருந்தது. அப்படியானால் வெளியிலிருந்து போட்டிருக்க முடியாது. ஒரே துண்டுத் தந்தத்துக்குள் கருவியை விட்டு, குழிக்குள்ளேயே விதையைச் சுற்றிலும் குடைந்து விடுவித்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த எந்த இயந்திரமும் அதைச் செய்யாது.

அந்த அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். கையை மூடிக் காதருகே வைத்து ஆட்டிக் காட்டினார். 'காராகாரா' என்று ஒலி எழுப்பினார். விதைகள் அசையும், சத்தம் வரும் என்கிறார். கிலுகிலுப்பை போல.

நீங்கள் கேட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டி, பேழையின் கண்ணாடியைச் சுட்டினார். சிறு வயதிலிருந்து இங்கே வருகிறாராம். ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

என் கைப்பையில் எப்போதும் இரண்டு பொருட்கள் இருக்கும். ஒன்று அளவெடுக்கும் டேப். இன்னொன்று, துணியில் இழைகளை எண்ண வைத்திருக்கும் மடக்கு லென்ஸ். யோசிக்கவில்லை. லென்ஸை விரித்துப் பேழையின்மேல் வைத்து, குனிந்து கண்ணை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. மங்கலான மஞ்சள் மட்டும். அந்த லென்ஸ் துணியின்மேல் நேராகப் படுத்தால்தான் வேலை செய்யும். இடையில் இடைவெளி இருந்தால் அதற்குப் பார்க்கத் தெரியாது. அது எனக்குத் தெரியும். முதலாண்டு ஆய்வகத்தில் கற்ற பாடம். தெரிந்தும் இன்னொரு இடத்தில் வைத்துப் பார்த்தேன். அதற்குள் வெள்ளைக் கையுறை அணிந்த காவலர் வந்து நின்று, இடுப்பு வளையக் குனிந்து வணங்கி, தொடக்கூடாது என்ற படத்தைக் காட்டினார். நானும் குனிந்து வணங்கினேன். அவர் மறுபடி குனிந்தார். அந்த அம்மாவும் சேர்ந்து குனிந்தார். இந்த வணக்கங்களில் பெஞ்ச் அசைந்து மேனேஜர் விழித்துக்கொண்டு, "என்ன சாமி, ரிஜெக்ட் பண்ணிப்போட்டாங்களா?" என்றார்.

எல்லோரும் விலகிய பிறகுதான் அதைக் கண்டேன். தாமரைக்காயின் கீழே ஒரு சிறு கண்ணாடி பதித்திருந்தார்கள், முகம் பார்க்கும் கண்ணாடி. மண்டியிட்டு, தலையைச் சாய்த்தால், அதில் பின்பக்கம் தெரிந்தது.

இரண்டு ஓட்டைகள் இருந்தன. கயிறு ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளிவரும். ஓட்டைகளைச் சுற்றித் தந்தம் தேய்ந்து பளபளத்தது. யாரோ ஒருவரின் இடுப்பில் வருடக்கணக்காக உராய்ந்த இடம். நான் முன்பக்கத்தை மறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஓர் ஓட்டை பெரியதாகவும் மற்றது சிறியதாகவும் இருந்தது. அளவெடுக்கத் தேவையே இல்லை, அவ்வளவு வித்தியாசம். உடனே என் தலைக்குள் அறிக்கை ஓடியது: துளைகளின் அளவு சமமில்லை. பெருங்குறை. அந்த அம்மாவிடம் சுட்டிக்காட்டி, டிஃபெக்ட் என்றேன். அவர் சத்தமில்லாமல் நெடுநேரம் சிரித்தார். டிஃபெக்ட் இல்லை, டிஃபெக்ட் இல்லை என்றார். ஏன் என்று சொல்ல அவரிடம் ஆங்கிலம் இல்லை.

வாசலில் தபால் அட்டைகள் விற்றார்கள். அதில் எலி இருந்தது. வாங்கினேன். தாமரைக்காய்க்கு அட்டை இல்லை.

ஊர் வந்த மறுநாள் வேனில் அவர் ஏறும்போது நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னாலிருந்த செக்கிங் அக்கா, "ஜப்பான் மேடம் வந்தாச்சுங்க சார்" என்றார். பின்னாலிருந்து, "வண்டி குளுகுளுன்னு இருக்கும்போதே நெனச்சேன்" என்று பதில் வந்தது.

தேநீர் இடைவேளையில் ஸ்டோருக்குப் போனேன். தபால் அட்டையைக் கம்பிவலையின் கீழ்ச் சந்து வழியாகத் தள்ளினேன். எலியை ஒரு நொடி பார்த்தார். உடனே அட்டையைத் திருப்பினார்.

"பின்பக்கம் ஸ்டாம்பு ஒட்டுத எடம்லா இருக்கு!"

சிரித்துவிட்டேன். பிறகு, அன்றுதான் முதல்முறையாக, தடுப்பின் கதவைத் திறந்து உள்ளே போய், பட்டன் பெட்டிகளின் நடுவில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நத்தை, புழு, நாயின் நாக்கு, காவலர், லென்ஸ், தாமரைக்காய்.

"எம்புட்டுப் பெருசு?"

சொல்லத் தெரியவில்லை. கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து, முனையிலிருந்து இறுக்கமாகச் சுருட்டினேன். எங்கள் டேப்புகளை மாதம் ஒருமுறை இரும்பு அளவுகோலோடு வைத்துச் சரிபார்ப்பார்கள். இழுத்து இழுத்து நீண்டுவிட்டதை வெட்டிப் போட்டுவிட்டுப் புதியது தருவார்கள். என்னுடையது அந்த மாதம் வெட்டுக்குப் போக வேண்டியது. சுருட்டியதை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இத்தனைதானுங்க."

அவர் விரல்களை மூடினார். திறந்து பார்த்தார். மறுபடி மூடினார்.

"சத்தம்?"

"கேக்காததை எப்படிங்க சொல்றது?"

பக்கத்துப் பெட்டியிலிருந்து சட்டைப் பட்டன்களை அள்ளி இரு கைக்குள்ளும் வைத்து, என் காதருகே ஆட்டினார். "இப்படியா?"

"தெரியலீங்க."

"சரி, இப்படித்தான்னு வச்சுக்கிடுவோம்."

ஓட்டைகளைப் பற்றி, அது பெருங்குறைதான் என்று நான் வாதாடினேன். அவர் தொப்பிக் கயிறு ஒரு துண்டை எடுத்து, மேசையில் கிடந்த டாகிளில் நுழைத்து வெளியே இழுத்தார். கயிறு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. நுனியில் முடிச்சுப் போட்டு மறுபடி இழுத்தார். முடிச்சு ஓட்டை வாயில் துருத்திக்கொண்டு நின்றது. இருவரும் அந்த முடிச்சையே பார்த்தோம்.

"இது இடுப்புல குத்துமுங்க" என்றேன். "பட்டையும் கெட்டுப்போகும்."

"அப்ப முடிச்சு எங்கன போவும்?"

"உள்ளுக்குள்ள."

"பெரிய ஓட்டைக்குள்ள!" என்று மேசையைத் தட்டினார். "குறையாம்லா, குறை! முடிச்ச ஒளிச்சு வைக்கத் தோதா எடம் விட்டிருக்கான், மேடம்."

எங்கள் இருவருக்கும் அப்படி ஒரு சந்தோஷம். எதையோ நாங்களே கண்டுபிடித்ததுபோல. அந்தச் சந்தோஷம் அடங்கும் முன்னரே அவர் சொன்னார்.

"எனக்குப் பாஸ்போர்ட் வந்துட்டு. டாக்கால ஒரு கம்பெனி, ட்ரிம்ஸ் முழுக்க என் பொறுப்பு. எங்க அண்ணன் சொல்லித்தான் மனுப் போட்டேன். சம்மதம்னு எழுதிட்டேன்."

வெளியே இடைவேளை முடிந்த மணி அடித்தது. தையல் லைன் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தம் எனக்கு உதவியாக இருந்தது.

"திரும்பி வருவீங்களா?"

"காண்ட்ராக்ட் ரெண்டு வருசம்."

"அதக் கேக்கலீங்க."

"பின்ன என்ன கேக்கீய?"

"வருவீங்களான்னு கேட்டனுங்க."

அவர் சிரிக்கவில்லை. கைக்குள் இருந்த டேப்பைப் பார்த்தபடி கேட்டார். "வரச் சொல்லுதீயளா?"

எங்கள் ஊரில் வாசலில் யார் வந்து நின்றாலும் சொல்கிற சொல்தான். அதைச் சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

"வாங்க" என்றேன்.

அவர் டேப்பைத் திருப்பித் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அலமாரியைத் திறந்து, எலிக்குப் பக்கத்தில் தபால் அட்டையை ஒட்டினார். அவர் கிளம்பிப் போன காலையில் வேன் அவருடைய தெருமுனையில் வழக்கம்போல் நின்றது. டிரைவருக்கு ஞாபகமில்லை. ஒருவரும் ஏறவில்லை. வேன் கிளம்பியது.

மடத்துக்குளத்துக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பையன் நல்லவராகத்தான் தெரிந்தார். எனக்கு வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். காரணம் கேட்டார். வேண்டாம்மா என்று மட்டும் மறுபடி சொன்னேன். அன்று இரவு அம்மா எனக்குத் தட்டு எடுத்து வைக்கவில்லை. மறுநாள், "சோறு போட்டு வெச்சிருக்கறேன், தின்னுட்டுப் போ கண்ணு" என்றார்.

தாமரைக்காயை நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன். அருங்காட்சியகம் மூடிய பிறகு விளக்கணைந்த பேழையில் அது அசையாமல் இருக்கும். உள்ளே விதைகள் தளர்வாகத்தான் இருக்கின்றன. ஒரு கை எடுத்தால் போதும்.

இப்போதைய நிலை: அவருடைய முதல் ஒப்பந்தம் முடிந்து, இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் போன் செய்கிறார். டேப் அவரிடம் இருக்கிறது, சுருட்டியபடியே இருப்பதாகச் சொல்கிறார். ஸ்டோரை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார், எலியைக் கிழிக்கவில்லை. என் வீட்டில் அவர் பெயரை நான் இன்னும் சொல்லவில்லை. அவர் இன்னும் வரவில்லை. நான் வரச் சொன்னது அப்படியே இருக்கிறது.